உத்திரமேரூர்ப் பொன் வாரியமும் இக்கால லைசென்ஸ் முறையும்

நம் சங்கத்து அன்பர்களிற் பெரும்பாலோர் கடை வைத்தும், தறி நெய்தும், அரிசி ஆலையும் செங்கற் சூளையும் நடத்தியும், நிலத்தை உழுதும் ஜீவிப்பவர். இத்தொழில்களுள் எதனை எடுத்துக்கொண்டாலும் சர்க்காருடைய அனுமதியோ, பதிவோ, முத்திரையோ ஏதேனும் ஒன்று வேண்டியிருக்கிறது. தராசுக்கு முத்திரை வேண்டும். உணவுப் பண்டம் விற்பதற்குப் பதிவு வேண்டும். ஆலைக்கு உத்தரவு வேண்டும். இவையெல்லாம் வேண்டா என்று நாம் சொல்ல வரவில்லை. குறைந்த படிக்கல்லாலும் கலப்படச் சரக்காலும் முதலிற் கெடுகிறவன் யோக்கியமான வியாபாரியே அன்றோ? ஆகவே கட்டுப்பாடு என்பது அவனுக்குக் காவல். ஆயினும், உத்தரவு தரும் இடத்திலே பட்சபாதமும் ஒளிவு மறைவும் புகுந்துவிட்டால், காவலாக இட்ட வேலியே பயிரை மேய்ந்த கதையாக முடியும்.

அங்ஙனம் முடியாதபடி தடுக்கும் வழி யாது? நல்லவர்களையே அதிகாரத்தில் வைத்தல் வேண்டும் என்று எளிதிற் சொல்லிவிடலாம். நல்லவர் யாவர் என்று முன்கூட்டி அறிவது எவ்வாறு? அறிந்து வைத்தவர் பின்பு கெடாதிருப்பது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நமது காஞ்சிபுரம் ஜில்லாவில், உத்திரமேரூர் மகாசபையார் விடை கண்டு, அதனைக் கல்லிலே வெட்டியும் வைத்திருக்கின்றனர். அச்சாசனத்தில் தேர்தலைப் பற்றிய பகுதியை இக்காலத்தார் பலரும் புகழ்கின்றனர். 2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் தேதி டெல்லியில் புதிய பார்லிமெண்டுக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் பிரதம மந்திரியால் உத்திரமேரூர் எடுத்துக் கூறப்பட்டது. ஆனால் வியாபாரத்தைச் சேர்ந்த பகுதியை எடுத்துப் பேசுவோர் சிலரே. நம்மவர்க்கு மிகவும் பயன்படுவது அப்பகுதியேயாதலின், அதனை ஈண்டு ஒருவாறு விரித்துக் கூறுவோம்.

ஊரும் சாசனமும்

உத்திரமேரூர் பல்லவ அரசன் இரண்டாம் நந்திவர்மனால் எட்டாம் நூற்றாண்டில் பிரமதேயமாக ஏற்படுத்தப்பட்டது. வயிரமேக தடாகம் என்னும் பெரிய ஏரியும், சுந்தரவரதப் பெருமாள் கோயிலும், வைகுண்டப் பெருமாள் கோயிலும் இன்றும் அவ்வூரின் பழம்பெருமைக்குச் சான்றாக விளங்குகின்றன. இவற்றுள் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலேதான் நாம் கூறவந்த சாசனங்கள் வெட்டப்பட்டுள்ளன. அங்குள்ள மண்டபமே சபை கூடிய இடம் என்பர். 1898-ஆம் ஆண்டில் இவ்வூர்க் கல்வெட்டுக்கள் படியெடுக்கப்பட்டன; சாசன ஆராய்ச்சியாளர் வெங்கையா அவர்கள் அவற்றை ஆராய்ந்து, 1904-05-ஆம் ஆண்டின் தொல்பொருள் இலாகா அறிக்கையில் உலகறியச் செய்தார்.

சாசனங்கள் இரண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று அவனது பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது 919-ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. மற்றொன்று பதினான்காம் ஆட்சியாண்டில், 921-ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. இரண்டு முறையும் அரசனுடைய அதிகாரி ஒருவர் சபையில் உடனிருந்தார். முதலில் வகுத்த விதிகளை இரண்டே ஆண்டுகளில் மறுபடியும் எடுத்துத் திருத்தினர் என்பது கவனிக்கத்தக்கது. வாரியத்தில் அமர்வோர்க்கு முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது, முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்று மாற்றப்பட்டது. முதல் விதியிலே விலகிய வாரியத்தாரின் நெருங்கிய பந்துக்கள் கூடாது என்று பொதுவாகச் சொல்லியிருந்தது. இரண்டாவது விதியிலோ கணக்குக் காட்டாதவரின் உறவு முறைகள் ஒவ்வொன்றாகப் பெயரிட்டு விலக்கப்பட்டன. பொதுச்சொல்லாக இருக்குமிடத்தில் நழுவுவதற்கு இடமுண்டென்று சபையார் உணர்ந்தனர் போலும்.

யார் தகுந்தவர், யார் தகாதவர்

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்காலத்து வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரை ஓலை நறுக்கில் எழுதவேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட, இறை செலுத்தும் நிலம் உடையவராயிருத்தல் வேண்டும். தம் சொந்த மனையிலே வீடு கட்டியிருத்தல் வேண்டும். கல்வியும், காரியத்தில் நிபுணத்துவமும், நேர்வழியில் வந்த பொருளும் உடையவராதல் வேண்டும். முந்திய மூன்றாண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்தவராதல் கூடாது.

தகாதவர் பட்டியல் இதனினும் நீண்டது. எந்த வாரியத்திலாயினும் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் பெயரை எழுதலாகாது. அவர் மாத்திரம் அன்று. அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், அம்மான் மக்கள் முதலியோர் பெயரையும் எழுதலாகாது. பிறர் பொருளை அபகரித்தவரும், பொய்ப்பத்திரம் எழுதியவரும் விலக்கப்பட்டனர்.

கணக்குக் காட்டாமை என்பதைத் திருட்டோடு ஒரு பட்டியலிலேயே சேர்த்து வைத்தனர். எடுத்தான் என்று ருசுப்படுத்த வேண்டியதில்லை. காட்டவில்லை என்பதே போதும். பொதுக்காரியத்தில் ஒளிவே ஒரு குற்றம் என்னும் இக்கருத்து, நம் காலத்துச் சட்டங்கள் வெகு தூரம் சுற்றி வந்து கண்டுகொண்ட ஒன்றாகும்.

குடவோலை எடுத்த வகை

முப்பது குடும்பின் ஓலைகளையும் தனித்தனிக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் வாயோலை இட்டு, ஒரு குடத்திலே போடுவர். அன்று சிறியோர் முதல் பெரியோர் ஈறாக மகாசபை கூடியிருக்கும். ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவர் தவறாமல் மண்டபத்தினுள் அமர்ந்திருப்பர். அவர்களுள் வயது மூத்தவர் எழுந்து நின்று, குடத்தை எல்லோரும் காணும்படி மேலே தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறு பாலகன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டை அவிழ்த்து, வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலுக்கி, அதனின்றும் ஓர் ஓலையை அப்பாலகனே எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையிலே அதனை வாங்கவேண்டும். அவன் வாசித்தபின், மண்டபத்திலுள்ள நம்பிமார் அனைவரும் அதனை வாசிக்கவேண்டும். அதன் பின்னரே அப்பெயர் ஏற்றுக்கொள்ளப்படும்.

இதிற் காணும் ஒவ்வொரு செய்கையும் ஒரு சூதை அடைப்பதற்காக வைத்தது. வெறுங்குடம் எதற்கு? முன்பே ஓர் ஓலை அதில் ஒளிந்திராமைக்கு. பாலகன் எதற்கு? வேண்டியவர் ஓலையை அடையாளங்கண்டு எடுக்காமைக்கு. விரித்த கை எதற்கு? கையிடுக்கில் வேறோலை மறைத்து மாற்றாமைக்கு. பலர் வாசிப்பது எதற்கு? மத்தியஸ்தன் ஒரு பெயரை மற்றொரு பெயராகப் படித்துவிடாமைக்கு. சபையார் ஒருவரையொருவர் நம்பவில்லை என்று இதனாற் கொள்ளலாகாது. நம்பிக்கையையும் சோதனையையும் வேறு வேறாக வைத்தனர் என்றே கொள்ளவேண்டும்.

இவ்வாறு வந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்ஸர வாரியமாகவும், பன்னிருவர் தோட்ட வாரியமாகவும், அறுவர் ஏரி வாரியமாகவும் முந்நூற்றறுபது நாள் காரியம் பார்த்து விலகுவர். இடையில் குற்றம் காணப்பட்டால் அப்போதே நீக்கப்படுவர். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியே ஓலை எடுக்கப்பட்டது. கணக்கனுக்கும் விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே காட்டிச் சுத்தன் என்று ஏற்கப்பட்ட பின்னரே அவன் மறுபடியும் கணக்கெழுதலாம். அவனுக்காக மற்றொரு கணக்கன் புகுந்து கணக்கை முடித்துக் கொடுத்தல் கூடாது.

பொன் வாரியம்

அக்காலத்தில் பெருங்கொடுக்கல் வாங்கலுக்குப் பொன்னே பணம். கோயிலுக்கு விளக்கெரிக்கக் கொடுப்பதும், நிலம் வாங்குவதும், தண்டம் செலுத்துவதும் பொன்னாலே நடந்தன. ஆகவே, இது மாற்றுக் குறைந்தது என்றோ, இது சுத்தம் என்றோ சொல்லும் ஒருவன் வாய்ச்சொல்லிலே ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் தங்கியிருந்தது. அவனுக்கு வேண்டியவன் கொண்டுவந்த மட்டப்பொன் ஏறும். வேண்டாதவன் கொண்டுவந்த நற்பொன் தள்ளுண்ணும். இக்காலத்து லைசென்ஸ் அதிகாரியின் கையெழுத்திற்கு எத்தகைய வலிமை உண்டோ, அத்தகைய வலிமை அன்று உரைகல் பிடித்தவன் வாய்ச்சொல்லுக்கு இருந்தது.

பொன் சோதிப்பது பற்றி உத்திரமேரூர்ச் சபையார் பராந்தகன் காலத்திலேயே தனியாக ஓர் ஏற்பாடும் செய்து கல்லில் வெட்டினர். ஊரில் இறை செலுத்துவோரும் பொன் சோதிக்கும் வித்தையில் தேர்ந்தோருமாகிய மாடவீதியார், சேனையார், சங்கரப்பாடியார் ஆகியோரிலிருந்து சோதகர் குடவோலையால் எடுக்கப்பட்டனர். சங்கரப்பாடியார் என்போர் எண்ணெய் வாணிபம் செய்தவர். சோதகர் ஊரார் அனைவர்க்கும் வேற்றுமையின்றிச் சோதித்தல் வேண்டும். அதற்குக் குறித்த ஊதியமும் உண்டு.

பொன்னைக் கல்லில் உரைக்கும்போது சிறிது துகள் கல்லிலே தங்கும். அதனை மெழுகால் ஒற்றி எடுப்பது வழக்கம். ஒரு நாள் துகள் அற்பம். ஓராண்டுத் துகள் அற்பமன்று. அதிகமாக உரைத்தால் சோதகனுக்கு லாபமும், பொன்னுடையானுக்கு நஷ்டமும் உண்டாம். ஆதலின், அம்மெழுகு சோதகரிடம் இருத்தலாகாது, ஏரி வாரியத்தாரிடம் ஒப்புவித்தல் வேண்டும் என்று விதித்தனர். சோதிப்பதனால் வரும் எச்சம் சோதிப்பவனைச் சேராமல், ஊர்ப் பொதுவாகிய ஏரிப் பொறுப்பாளரைச் சேர்ந்தது. உரைத்து லாபம் காண வழியில்லையேல், அளவுக்கு மிஞ்சி உரைப்பானேன்? லஞ்சத்தைத் தண்டித்து ஒழிப்பதைக் காட்டிலும், லஞ்சம் முளைக்கும் மண்ணையே அகற்றுவது மேலான உபாயம் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் நாம் காணோம்.

பிற நாட்டு வழக்கு

இத்தகைய கவலை நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. கிரேக்க தேசத்து ஆதென்ஸ் நகரில் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலே, சந்தை மேற்பார்வையாளர் பதின்மரும், நிறை அளவு மேற்பார்வையாளர் பதின்மரும் சீட்டு எடுத்தே நியமிக்கப்பட்டனர் என்று அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் நூல் கூறுகின்றது. கி.மு. 375-ஆம் ஆண்டளவில் அந்நகரத்தார் வெள்ளி நாணயச் சோதகனைக் குறித்து ஒரு சட்டம் செய்து கல்லில் வெட்டினர். நாணயம் சோதிக்க உட்காராத சோதகனுக்கு அதில் கசையடி விதிக்கப்பட்டுள்ளது. அக்கல் 1970-ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டது.

நமக்கு அண்டையிலுள்ள தெலுங்கு நாட்டிலும் ஒரு சான்று உண்டு. மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காகதீய அரசன் கணபதிதேவன் 1244-ஆம் ஆண்டளவில் நாட்டிய சாசனம், கடல் வணிகர்க்கு அபயம் அளிப்பது. புயலால் கரையொதுங்கிய கப்பலின் சரக்கை முன்னையரசர் பறித்து வந்தனர் என்றும், இனி அவ்வாறு செய்யாமல் குறித்த தீர்வை மாத்திரமே கொள்ளப்படும் என்றும் அது பிரகடனம் செய்தது. தீர்வை எவ்வளவு என்பது கல்லிலேயே எழுதப்பட்டிருந்தமையால், துறைமுக அதிகாரி வாய்க்கு வந்தபடி கேட்க இடமில்லை. நாடும் காலமும் வேறாயினும், வியாபாரி வேண்டியது ஒன்றே. சலுகையை அவன் கேட்கவில்லை; விதி இன்னதென்று முன்னரே அறியவேண்டும், அவ்விதி எல்லோர்க்கும் ஒன்றாயிருக்கவேண்டும் என்பதே அவன் கேட்டது.

சாசனத்தின் குறை

உத்திரமேரூரைப் புகழ்வோர் அதன் குறையையும் சொல்லவேண்டும். அந்த மகாசபை பிராமண நிலவுடைமையாளரின் சபை. உழுதவர்க்கும், நெய்தவர்க்கும், செக்காட்டியவர்க்கும் அதில் இடமில்லை, பெண்டிர்க்கும் இடமில்லை. குடத்தினுள் இட்ட ஓலைகளுக்குள்ளே பட்சபாதம் இல்லை. ஆனால் எவருடைய ஓலை குடத்திற்குள் போகலாம் என்பதிலேயே பெரிய பட்சபாதம் இருந்தது. பொன் சோதிக்கும் காரியத்தில் மாத்திரம் தொழில் அறிந்தோர் உள்ளே வந்தனர். ஆகவே, முறையைக் கொள்வோம், வேலியைக் கொள்ளோம். ஜாதிச் சங்கமாகிய நாம் இதனைச் சொல்லும்போது, அதே வேலியை நம் பெயரால் மறுபடியும் கட்டிவிடக் கூடாது என்பதும் உடன் வருகின்றது.

இக்கால நிலைமை

சுதந்திரம் பெற்றபின் 1951-ஆம் ஆண்டில் கைத்தொழில் அபிவிருத்தி ஒழுங்குமுறைச் சட்டம் செய்யப்பட்டது. எந்தப் பெருந்தொழில் எங்கே, எவரால், எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் டெல்லி அலுவலகங்களுக்கு வந்தது. நம் தமிழ்நாட்டு ராஜாஜி அவர்கள் இம்முறையை பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று கண்டித்து, 1959-ஆம் ஆண்டில் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். லைசென்ஸ்களைப் பெரிய வணிகக் குடும்பங்களே மிகுதியாகப் பெற்றன என்பதைச் சர்க்கார் நியமித்த தத் கமிட்டியே 1969-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டியது. 1991-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் தேதி வெளியான கொள்கையால், பதினெட்டுத் தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு அந்த லைசென்ஸ் நீக்கப்பட்டது.

நீக்கியவுடன் நோய் தீர்ந்துவிடவில்லை. நிலக்கரி வயல்களைத் தனியார்க்கு ஒதுக்கிய முறையில் ஒழுங்கும் வெளிப்படையும் இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தீர்ப்பளித்து, மறுமாதம் 204 ஒதுக்கீடுகளை ரத்துச் செய்தது. இவரைத் தேர்ந்தது ஏன், அவரைத் தள்ளியது ஏன் என்பதற்குத் தெளிவான அளவுகோல் காட்டப்படாததே அங்குள்ள பெருங்குற்றம். குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்காததன் பலன் அது என்று நாம் சொல்லலாம்.

நன்மையும் இல்லாமற் போகவில்லை. பொன் வாரியத்தின் பேரன் என்று சொல்லத்தக்க ஹால்மார்க் முறை, 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் தேதி முதல் முதற்கட்டமாக 256 ஜில்லாக்களில் கட்டாயமாக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், ஹால்மார்க் நகைகளில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனிக்குறியும் இருக்கவேண்டும் என்றாயிற்று. நகை விற்பவர் வேறு, சோதிக்கும் நிலையத்தார் வேறு. வாங்குபவர் அக்குறியைக் கைப்பேசியில் இட்டுத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். நம்பிமார் அனைவரும் ஓலையை வாசித்த வழக்கம் இன்று வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் கிடைத்திருக்கின்றது.

தகவல் அறியும் சட்டத்தை இந்திய ராஜ்யங்களுள் முதன்முதல் செய்தது 1997-ஆம் ஆண்டில் தமிழ்நாடே. பின்பு 2005-ஆம் ஆண்டின் மத்திய சட்டம், பத்து ரூபாய்க் கட்டணத்தில் எவரும் கேட்கவும், முப்பது நாட்களுக்குள் அதிகாரி விடையளிக்கவும் வழி செய்தது. காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அதிகாரிக்கு அபராதம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், லைசென்ஸுக்கு விண்ணப்பித்து இரண்டு மாதங்களுக்குள் அது கொடுக்கப்படாமலும் மறுக்கப்படாமலும் இருந்தால், அக்கெடு கடந்தபின் வியாபாரத்தைத் தொடங்கலாம் என்றும் விதி உள்ளது. இவற்றை நம்மவரிற் பலர் அறியாமையால், தமக்கு உரிமையாக உள்ளதைத் தயவாகக் கேட்டு நிற்கின்றனர்.

நம் கடமை

இனி, நம் பக்கத்தைப் பார்ப்போம். லைசென்ஸ் தாமதமானால் நம்மவர் முதலில் கேட்பது என்ன? அந்த ஆபீஸில் நம்மவர் யாரேனும் இருக்கிறாரா என்பதே. இருந்தால் மகிழ்கின்றோம், சங்கத்தின் சிபாரிசுக் கடிதத்தோடு அவரிடம் போகின்றோம். இல்லையேல் தரகரைத் தேடுகின்றோம். உத்திரமேரூர்ச் சபையார் மாமன், மைத்துனன், மருமகன் என்று முறை முறையாக எழுதி விலக்கியது எதனையோ, அதனையே நாம் உதவி என்று பெயரிட்டு வளர்க்கின்றோம். இன்று நமக்காக ஒரு விதியை வளைக்கும் உறவினர், நாளை வேறொருவர்க்காக நமக்கு எதிராக அதனை வளைப்பதைத் தடுக்க நம்மிடம் என்ன நியாயம் இருக்கும்? சொற்ப எண்ணிக்கையுள்ள சமூகத்தார்க்கும் ஏழை வியாபாரிக்கும் உறவு ஒரு நாளும் பலமன்று. பொது விதி ஒன்றே பலம்.

லஞ்சம் கொடுப்பதும் 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றமாகிவிட்டது. வற்புறுத்தப்பட்டுக் கொடுத்தவர், ஏழு நாட்களுக்குள் உரிய அதிகாரிகளிடம் தெரிவித்தால் மாத்திரமே அக்குற்றத்தினின்றும் நீங்குவர். ஆதலின், கொடுத்துவிட்டு மௌனமாயிருப்பது எந்த வகையிலும் நன்றன்று.

இவற்றை முன்னிட்டு நம் சங்கத்து நிர்வாகிகளுக்கும் அங்கத்தினர்களுக்கும் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். ஒன்று: எந்த லைசென்ஸுக்கு எந்தப் பத்திரம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாட்கள் என்பதைத் தகவல் சட்டப்படி எழுதிப் பெற்று, சங்கக் கட்டடத்தின் சுவரில் எல்லா ஜாதியாரும் படிக்கும்படி ஒட்டி வைக்கவேண்டும். இரண்டு: சங்கம் கொடுக்கும் ஒவ்வொரு சிபாரிசுக் கடிதமும் ஒரு புத்தகத்திற் பதியப்பட்டு, மாதக் கூட்டத்தில் வாசிக்கப்படவேண்டும், வாசிக்கக் கூசும் கடிதத்தை எழுதலாகாது. மூன்று: சங்கத்தின் பொருளாளர் தாம் எழுதிய கணக்கைத் தாமே சபையிற் காட்டவேண்டும், காட்டாதவரும் அவருடைய நெருங்கிய பந்துக்களும் அடுத்த தேர்தலில் நிற்கலாகாது என்று விதியில் சேர்க்கவேண்டும். நான்கு: நம் கிராமங்களிற் கிராம சபை கூடும் நாட்களில், நம்மவர் கடையை அரை நாள் அடைத்தாயினும் சென்று, அங்கு வைக்கப்படும் வரவு செலவுக் கணக்கைக் கேட்டறிந்து வரவேண்டும்.

இவற்றுள் சர்க்காரை எதிர்பார்த்து நிற்கவேண்டியது ஒன்றுமில்லை. முதல் மூன்றும் நம் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே தீர்மானமாக வரத்தக்கவை. அங்கத்தினர் தத்தம் அபிப்பிராயத்தை அக்கூட்டத்திற்கு முன்பே எழுதியனுப்புவாராக. உத்திரமேரூர்ப் பக்கம் செல்ல நேர்ந்தால், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரைப் பிள்ளைகளுக்கும் காட்டி, அதில் எழுதியிருப்பது இன்னதென்று விளங்கச் சொல்வாராக.